என் நாவலில் செத்துப்போன ரோதமுனி

நான் எழுதிய ஒரே நாவலில் அக்காவும் தங்கச்சியும் பேய் வேட்டைக்குப் போகிறார்கள். பகலில் அவர்களுக்கு ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் கவரும் சார்ஜரும் விற்கிற கடை. சாயங்காலம் ஷட்டரை இழுத்துவிட்டால் வேட்டை. டியூஷன் கிளாஸில் கடைசி வாங்கில் உட்கார்ந்து கொட்டாவி விடும் பேய், நானுஓயாவுக்கும் றொசல்லவுக்கும் இடையில் ரயிலில் டிக்கெட் இல்லாமல் போய்வரும் பேய், பேங்க் வரிசையில் எப்போதும் நமக்கு முன்னால் நிற்கும் பேய் என்று வகைவகையாகப் பிடித்துப் போட்டிருந்தேன். அச்சடித்ததில் பாதி இன்னும் எங்கள் கட்டிலுக்குக் கீழேதான் கிடக்கிறது. "பேயெல்லாம் நம்ம கட்டிலுக்குக் கீழ இருக்கு, இத யாரு வந்து புடிக்கப்போறாங்களோ" என்பாள் என் மனைவி, கூட்டும்போதெல்லாம்.

நாவலைப் பற்றி இவ்வளவு போதும். அதில் வருகிற இரண்டு பேரும் நிஜத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

நான் பிறந்தது ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில் ஒன்றில். இப்போது டவுனில் வாத்தியார். எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் இருந்தவர்கள்தான் அந்த இரண்டு பேர். பெரியவர் எனக்கு அக்கா முறை. இன்னும் கொழுந்து எடுக்கிறார். சின்னவள் என்னைவிட இளையவள். கொழுந்துக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் வேலை. அவர்களுடைய அப்பா தோட்டத்து ஸ்டோரில் மிஷின் பார்த்தவர். ஸ்டோர் என்றால் தேயிலை பெக்டரி. எங்கள் ஆட்களுக்கு அது எப்போதும் ஸ்டோருதான். அந்த ஸ்டோரை மூடிப் பல காலம். கொழுந்தெல்லாம் இப்போது லொறியில் வட்டகொடைப் பக்கம் போகிறது. கொழுந்தை உருட்டுகிற ரோலர்களில் ஒன்றும், அதைச் சுற்ற வைத்த பெரிய இரும்புச் சக்கரமும் மட்டும் தூக்க முடியாத பாரம் என்பதால் உள்ளேயே விட்டுவிட்டார்கள்.

அந்தச் சக்கரத்தில்தான் ரோதமுனி இருக்கிறார். ரோதை என்றால் சக்கரம். மிஷினில் யாருடைய கையும் மாட்டாமல் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பு. நாங்கள் வேதக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனால் வெள்ளிக்கிழமை ஸ்டோரில் உடைக்கிற தேங்காய்க்கு நான்தான் முதல் ஆளாகக் கையை நீட்டுவேன். முனி என்னிடம் மதம் கேட்டதில்லை.

ஸ்டோரை மூடிய பிறகும் அக்காவும் தங்கச்சியும் வெள்ளிக்கிழமை விளக்கை விடவில்லை. மிஷின் இல்லாத ஊரில் முனிக்கு என்ன வேலை என்று கேட்டால் அக்காவிடம் பதில் இருந்தது. அவருடைய ஒரே மகன் கொழும்பில் த்ரீவீல் ஓட்டுகிறான். "மிசினு போனா என்ன, ரோத ரோததானே. எம்மவனுக்கு மூணு ரோத சுத்துது. அத யாரு பாக்குறது?"

ஒரு வெள்ளிக்கிழமை நான் அம்மாவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மூடுபனி நன்றாக இறங்கியிருந்தது. ஸ்டோர் பாதையில் இரண்டு உருவங்கள். முன்னால் போகிறவர் கையில் பூசைக்கு எலுமிச்சை, அதாவது தேசிக்காய் வெட்டுகிற கத்தி, பின்னால் போகிறவள் கையில் டோச் லைட். பார்த்ததும் எனக்குள் இருந்த எழுத்தாளன் துள்ளி எழுந்தான்: இரண்டு பெண்கள், ஒரு கத்தி, மூடிக் கிடக்கும் கட்டடம், பேய் வேட்டை. எனக்குள் இருந்த பக்கத்துக் காம்பராப் பையனுக்கு அது யார், எதற்குப் போகிறார்கள் என்பதெல்லாம் நன்றாகத் தெரியும். நான் அவன் வாயைப் பொத்திவிட்டேன்.

அது மட்டும் என்றால் மன்னித்துவிடலாம். கடைசி அத்தியாயத்துக்குப் பெரிய பேய் ஒன்று தேவைப்பட்டது. டிக்கெட் எடுக்காத பேயை வைத்து ஒரு நாவலை முடிக்க முடியாது. ஆகவே மூடிய ஸ்டோரின் இரும்புச் சக்கரத்துக்குள் ஒரு அரக்கனைக் குடிவைத்தேன். அவனை அக்கா தேசிக்காய்க் கத்தியால் வெட்டிக் கொல்கிறாள். யார் பூப்போட்டுக் கும்பிட்டாளோ அவள் கையாலேயே. எழுதி முடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லவே கூசுகிறது. எழுந்து போய் எனக்கு நானே ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்தேன்.

இன்னொன்றும் செய்தேன். ஸ்டோரின் பக்கவாட்டுத் தகரக் கதவில் பூட்டுத் தொங்கும். ஆனால் கதவை இடது கையால் கொஞ்சம் தூக்கி முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளினால், பூட்டு பூட்டியபடி இருக்கும், கதவு திறந்துகொள்ளும். அக்காவின் அப்பா கண்டுபிடித்த வித்தை. அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஸ்டோருக்குக் காவல் நின்று பார்த்தும் பாராமல் இருக்கிற வாட்சருக்குத் தெரியும். சின்ன வயதில் தேங்காய்க்காகப் பின்னாலேயே போன எனக்குத் தெரியும். அதை நாவலில் ஒரு வரிகூட விடாமல் எழுதினேன். எந்தக் கை, எந்த முழங்கால் என்பது உட்பட. வெளியீட்டு விழாவில் பேசியவர், "வாசிக்கிறவர் அந்தக் கதவைத் தானே திறப்பதுபோல இருக்கிறது" என்று பாராட்டினார். நான் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தேன்.

திறந்தார்கள்.

டவுன் பையன்கள் சிலர், யூடியூப்பில் பேய் இருக்கிற இடங்களுக்குப் போய்க் கத்துகிறவர்கள். கையில் என் புத்தகம். அந்தப் பக்கத்தைக் கெமராவுக்குக் காட்டி வாசித்துவிட்டு, இடது கை, முழங்கால், உள்ளே. ஒருவன் சக்கரத்தின்மேல் குதிரை ஏறுவதுபோல ஏறி உட்கார்ந்துகொண்டான். இன்னொருவன் குசினிக் கத்தியால் சக்கரத்தைக் குத்திக் கடைசி அத்தியாயத்தை நடித்துக் காட்டினான். விளக்கு உருண்டு போனதை யாரும் கவனிக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோவைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம் அல்ல. என் புத்தகத்தின் அட்டை தெளிவாகத் தெரிகிறதே என்று பூரித்துப்போய் ஒரு இதயத்தைப் போட்டேன். குடும்ப வட்ஸ்அப் குரூப்புக்கும் அனுப்பினேன். என் மனைவி இரண்டாவது தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "கீழ உருளுறது குத்துவிளக்கா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த கிழமையே தோட்ட நிர்வாகம் தகரக் கதவை வெல்டிங் பண்ணி ஒட்டிவிட்டது. யாராவது உள்ளே விழுந்து கையைக் காலை உடைத்துக்கொண்டால் தங்கள் தலையில் வரும் என்று அவர்களுக்குப் பயம். நியாயம்தான். முனி உள்ளே, விளக்கு ஏற்றுகிறவர்கள் வெளியே.

நான் ஒரு சனிக்கிழமை அவர்களைப் பார்க்கப் போனேன். போகும்போது பேஸ்ட்ரி வாங்கிக்கொண்டு போனேன். சாமியைக் கொன்றவன் பேஸ்ட்ரியோடு போனால் சரியாகிவிடும் என்று எந்த மூளையில் தோன்றியதோ.

சின்னவள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அண்ணே, புத்தகம் முழுக்க வாசிச்சேன். அக்காவுக்கு மட்டும் கத்தி குடுத்திருக்கீங்க. எனக்கு கடைசி வரைக்கும் டோச் லைட்டுதானா?"

"நீ டோச் லைட்டுதானே கொண்டு போன."

"கதையிலயுமா? அவங்க பாய்ஞ்சு பாய்ஞ்சு வெட்டுறாங்க, நான் வெளிச்சம் காட்டிக்கிட்டு நிக்கிறேன். ஒரு பேயாவது எனக்குன்னு விட்டிருக்கலாம்."

"டியூஷன் பேய நீதானே புடிக்கிற."

"அது சும்மா தூங்கிக்கிட்டு இருந்த பேய். அத பிள்ளக்காம்பரா பிள்ளைங்களே புடிக்கும்."

அக்கா புத்தகத்தை வாசித்ததில்லை. தங்கச்சி வாசித்துக் காட்டியிருக்கிறாள். கடைசி அத்தியாயத்தை மட்டும் "பக்கம் கிழிஞ்சிருக்கு" என்று சொல்லி விட்டுவிட்டாளாம். பிறகு கொழுந்து மலையில் யாரோ முழுதாகச் சொல்லிவிட்டார்கள். அக்கா எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். சீனியும் கேட்டுப் போட்டார். என் அம்மாவின் கால்வலியை விசாரித்தார். திட்டினால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வரலாம் என்று வந்தவனுக்கு இது பெரிய தண்டனை.

"மகன் எப்பிடி இருக்கான், கொழும்புல?" என்று கேட்டேன். ஏதாவது பேசவேண்டும் என்று கேட்டதுதான்.

"போன கிழம த்ரீவீல் சறுக்கிருச்சு. மழ. முழங்கையில கொஞ்சம் தோல் போயிருச்சு, அவ்வளவுதான்."

முனிக்கு விளக்கு நின்ற வெள்ளிக்கிழமைகளை அவர் எண்ணவில்லை; நான் எண்ணினேன். மழை பெய்தால் ரோட்டு வழுக்கும், அதற்கும் வெல்டிங்குக்கும் சம்பந்தமில்லை என்று பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார் எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் வெள்ளிக்கிழமைகளைத் திரும்ப எண்ணினேன்.

கடைசியில் அக்காவே விஷயத்துக்கு வந்தார். "அவர அங்கயே பூட்டி வைக்க ஏலாது தம்பி. பிடிமண் எடுத்துட்டு வந்துருவோம். கீழ ரோட்டு வளைவுல, எம்மவன் வந்தா த்ரீவீல் நிப்பாட்டுற எடத்துல வச்சிருவோம். நீங்க தொரகிட்ட பேசுங்க. உங்களுக்குத்தான் நல்லா பேச வரும்."

ஒரு சாமியைப் புது இடத்தில் வைக்கவேண்டுமானால் பழைய இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போகவேண்டும். கடல் தாண்டி வந்த எங்கள் ஆட்களின் சாமிகள் பலவும் அப்படி முந்தானையில் முடிந்து வந்தவைதான். எனக்கு வழி பிறந்துவிட்டது என்றே நினைத்தேன்.

சின்னத்தொரை, அதாவது தோட்டத்து உதவி மேனேஜர், சிங்களப் பையன், நன்றாகத் தமிழ் பேசுவார். ஒபிசில் அவருக்கு முன்னால் நானும் அக்காவும் நின்றோம். சாமியை எடுத்துக்கொண்டு போகிறோம் என்றதும் அவருக்கே சந்தோஷம். "நல்லது. வெல்டிங்க வெட்டித் தாறேன், வாட்சர் கூட நிப்பாரு, எடுத்துட்டு வந்ததும் திரும்ப ஒட்டிருவேன்" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இந்த கத எழுதின பைத்தியக்கார விசரன் யாரு, தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"யாரோ ஹட்டன் பக்கத்து ஆளாம் சேர்" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். நாவலில் அவருக்குக் கத்தி கொடுத்தேனே, அதை அப்போது வைத்திருந்திருக்கக்கூடாதா என்று இருந்தது.

வெல்டிங்கை வெட்டியது ஒரு மத்தியானம். வாட்சர் வயதான சிங்களவர். உள்ளே வந்து மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றார். விளக்கை எடுத்து நிமிர்த்தி ஏற்றினோம். சக்கரத்தில் அந்தக் குத்திய கீறல்கள் வெள்ளையாகத் தெரிந்தன. சின்னவள் கீறல்களுக்கு மேலே குங்குமத்தை அப்பினாள்.

அக்கா பித்தளைச் செம்பை வைத்துக்கொண்டு குனிந்தார். அப்படியே நிமிர்ந்தார். "மண்ணு எங்க?"

தரை முழுக்க சீமெந்து. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. சின்ன வயதிலிருந்து அந்தத் தரையில் நடந்திருக்கிறோம், மூன்று பேருக்கும் அது தோன்றவில்லை. முனி வந்த காலத்திலிருந்தே மண்ணைத் தொட்டதில்லை.

"வெளியில கதவுப் பக்கம் எடுப்போம்" என்றாள் சின்னவள்.

"அது அவரு மண்ணு இல்ல. அது பாத்ரூம் பக்கம்."

"அப்ப சீமெந்த கொத்துவோமா?"

"கொத்தினா சின்னத்தொர நம்மள கொத்துவாரு" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. வாட்சர் மட்டும் நாகரிகமாக இருமினார்.

ரோலருக்கு அடியில் டோச் அடித்துப் பார்த்தது சின்னவள்தான். பழைய தேயிலைத் தூசு. மிஷின் ஓடிய காலத்தில் சிந்திச் சிந்தி எண்ணெயில் ஊறி, கூட்டுமாறு எட்டாத இடத்தில் கறுப்பாகப் படிந்து கிடந்தது. "இது அவரு காலடியில விழுந்ததுதானே" என்றாள்.

"தேயில எப்பிடி மண்ணாகும்?"

"நம்மளுக்கு வேற என்ன மண்ணு இருக்கு, சொல்லுங்க."

அக்கா யோசித்தார். "அவரயே கேப்போம்" என்று சக்கரத்தின் உச்சியில் ஒரு செவ்வந்திப் பூவை வைத்தார். பூ வலப்பக்கம் விழுந்தால் வருகிறேன் என்று அர்த்தம். கும்பிட்டு நின்றோம். பூ விழவில்லை. இரும்பெல்லாம் ஈரம்; பூ ஒட்டிக்கொண்டு இருந்தது. வாட்சர் ஒரு காலில் இருந்து மற்றக் காலுக்கு மாறி நின்றார்.

"கோவமா இருக்காரு" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல். "நீங்க சொல்லுங்க தம்பி."

"என்னக்கா சொல்றது?"

"எழுதினது யாருன்னு."

வாட்சருக்குத் தமிழ் தெரியும் என்பது எனக்குத் தெரியும். நான் சொன்னால் சாயங்காலமே சின்னத்தொரையின் காதுக்குப் போகும் என்பதும் தெரியும். சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில்கூட என் பாவங்களைப் பொதுவாகத்தான் சொல்வேன், விவரம் கொடுப்பதில்லை. இங்கே விவரம் கேட்டார்கள். "நான்தான் எழுதினேன். ஒங்கள அரக்கன்னு எழுதினேன். கதவு தொறக்கிறது எப்பிடின்னும் நான்தான் எழுதினேன். வீடியோவுக்கு லைக்கும் போட்டேன்" என்றேன். கடைசியில் சொன்னது தேவையில்லாதது. ஆனால் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. "தொரகிட்டயும் பொய் சொன்னேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். வாட்சரும் தலையைக் குனிந்துகொண்டார். பூ அசையவில்லை. மகனின் முழங்கை, மழை, கொழும்பு ரோட்டு எல்லாம் அந்த ஒரு பூவில் தொங்கிக்கொண்டிருந்தன. அக்காவுக்கு அப்படித்தான் தொங்கின. எனக்கும் அந்த நேரத்தில் வேறு விஞ்ஞானம் இருக்கவில்லை.

அப்போது சின்னவள் விளக்குத் திரியைத் தூண்டுவதுபோலக் கையை நீட்டினாள். அவளுடைய சுண்டுவிரல் சக்கரத்தின் ஓரத்தில் மெல்ல ஒரு தட்டுத் தட்டியது. பூ வலப்பக்கம் விழுந்தது.

நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். இரண்டு பேரும் சும்மா இருந்தோம்.

அக்கா கண்ணைத் திறந்து பூவைக் கண்டார். அந்த முகத்தை என்னால் எழுத முடியாது. நல்லவேளை, எழுதாமல் இருக்கவும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறேன். "வர்றேன்னுட்டாரு" என்றார். நான் வயிற்றை எக்கிப் படுத்து ரோலருக்கு அடியில் கையை விட்டுத் தூசைச் சுரண்டி எடுத்துச் செம்பில் போட்டேன். வெளியே வரும்போது வயிறு மாட்டிக்கொண்டது; வாட்சர்தான் காலைப் பிடித்து இழுத்தார். எங்களுக்குப் பின்னால் கதவை மறுபடியும் ஒட்டினார்கள்.

ரோட்டு வளைவில் குழி தோண்டித் தூசைக் கொட்டி, மேலே ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினோம். அக்கா அங்கேயிருந்தே மகனுக்குப் போன் எடுத்தார். "எடம் மாறிட்டாருடா. இனி பயமில்ல, ஓட்டு" என்றார். மறுமுனையில் அவன் என்ன சொன்னானோ, அக்கா சிரித்தார்.

சின்னத்தொரை பிறகு என்னை டவுனில் கண்டார். கையை மட்டும் ஆட்டினார், விசரனுக்கு ஆட்டுகிற மாதிரி.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் போனபோது நல்ல தூறல். அக்கா கல்லுக்கு முன்னால் துணியோடு குந்தியிருந்தார். கல்லுக்கு அடியிலிருந்து சாயம் கசிந்து வந்துகொண்டிருந்தது. கடும் பிளேன்டீ நிறத்தில் கோடு கோடாக இறங்கி ரோட்டுக்கு ஓடியது. துடைக்கத் துடைக்க வந்தது.

"என்னக்கா இது?"

"இன்னும் ஒக்காரல தம்பி" என்றார் அக்கா. "மனசில்லாம வந்திருக்காரு போல. வர்றேன்னுதானே பூ சொல்லுச்சு?"

அவர் கேட்டது என்னை. பின்னால் சின்னவள் தேங்காயை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"சொல்லுச்சுக்கா" என்றேன்.

"அப்ப ஒக்காந்துருவாரு. கொஞ்ச நாள் ஆகும்" என்று அக்கா துணியைப் பிழிந்தார். நானும் குந்தி, பாக்கெட்டில் இருந்த கைக்குட்டையை எடுத்து மறுபக்கம் துடைக்கத் தொடங்கினேன்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் தோட்டத்துக்குப் போய்விடுகிறேன். துவைத்தும் போகாத அந்தக் கைக்குட்டையைக் காட்டி என் மனைவி என்ன கறை என்று கேட்கிறாள். தேத்தண்ணி என்கிறேன். அது பொய் இல்லை.